நெடுந்தூர ஓட்டமும் கலங்கும் வயிறும்: ஹட்டன் தங்கையின் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கும், கொழும்பில் தம் முதல் முழு மரதனை ஓடுவதற்குப் பயிற்சி செய்துவரும் தங்கையொருவர் கேட்டிருப்பது இது. பதினைந்து கிலோமீற்றரைத் தாண்டும்போதெல்லாம் அவருக்கு வயிறு முறுக்கிக்கொள்கிறது. சில நாள்களில் வாந்தி வருகிறது. பல நாள்களில் ஓட்டத்தை இடையில் நிறுத்திவிட்டு மலசலகூடம் தேட வேண்டியிருக்கிறது. ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு, பால்மா கலந்த தேநீர் குடிப்பது அவருடைய வழக்கம். வயிற்றுக்குப் பயந்து அண்மைக் காலமாக எதுவும் சாப்பிடாமல் ஓடிப் பார்த்திருக்கிறார். வயிறு சற்று அடங்கினாலும் இருபது கிலோமீற்றருக்குள் கால்கள் துவண்டு, தலை சுற்றத் தொடங்கிவிடுகிறது. முழங்கால் வலிக்காக நீண்ட ஓட்டங்களுக்கு முன் வலிக் குளிசை ஒன்றும் போடுகிறார். தம் உடம்புக்கு மரதன் ஒத்துவராதா என்பதே அவருடைய கேள்வி.

நீங்கள் எழுதியிருப்பதில், உங்கள் உடம்புக்கு மரதன் ஒத்துவராது என்று சொல்லும்படியான எதையும் நான் காணவில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்களில் 30 முதல் 50 சதவீதமானோருக்கு வயிற்றுக் கோளாறு அடிக்கடி ஏற்படுகிறது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. 2005ஆம் ஆண்டு இலண்டன் மரதனில் பிரித்தானிய ஓட்டவீராங்கனை பவுலா ராட்கிளிஃப் வயிறு முறுக்கியதால் வீதியோரத்தில் ஒதுங்க நேர்ந்தது. அதன் பின்பும் 2 மணி 17 நிமிடம் 42 விநாடிகளில் ஓடி முடித்து அவர் அந்தப் போட்டியை வென்றார். ஆகவே வெட்கப்படவோ பயப்படவோ இதில் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்தாகிய வெறும் வயிற்று ஓட்டம், நோயைக் காட்டிலும் அதிகம் கெடுதல் செய்யக்கூடியது என்பதால், ஏன் இப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நாம் ஓய்வாக இருக்கும்போது இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இரைப்பை, குடல், ஈரல் ஆகியவற்றுக்குப் போகிறது. கடுமையாக ஓடத் தொடங்கியவுடன் கால் தசைகள் அந்த இரத்தத்தைக் கேட்கின்றன; வெயிலாக இருந்தால், உடற்சூட்டை வெளியேற்றுவதற்காகத் தோலும் கேட்கிறது. இரண்டுக்கும் கொடுத்த பின் குடலுக்கு எஞ்சுவது மிகக் குறைவு. உச்ச வேகத்தில் குடலுக்கான இரத்த ஓட்டம் 80 சதவீதம் வரை குறையலாம். இரத்தம் குறைந்த குடலால் உணவைச் சரியாக உறிஞ்ச முடியாது. அதன் உட்சுவர் நலிந்து, உள்ளிருக்கும் பற்றீரியாக்களின் நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கசியும் நிலையும் உண்டாகும். குமட்டல், முறுக்கு, வயிற்றோட்டம் ஆகிய மூன்றுக்கும் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. உடலிலிருந்து நீர் வற்ற வற்ற இந்த நிலை மோசமாகும்.

இதனோடு, ஒவ்வொரு அடியிலும் வயிற்றுறுப்புகள் குலுங்குவதும் சேர்ந்துகொள்கிறது. சைக்கிள் ஓட்டுவோரைவிட ஓடுவோருக்குப் பெருங்குடல் தொல்லை அதிகமாக வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். நம் மலைநாட்டு வீதிகளில் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அடி பலமாக விழும். இறக்கத்தில் கால்களை நீட்டி வைத்துத் தாவி ஓடுகிறவர்களுக்கு விலாப் பிடிப்பும் வயிற்றுக் குலுக்கமும் சேர்ந்தே வருகின்றன. சிறு சிறு அடிகளாக வைத்து இறங்குவது வயிற்றுக்கும் முழங்காலுக்கும் ஒருங்கே நல்லது. போட்டி நாளின் பதற்றமும் குடலை விரைவுபடுத்தும். மாதவிடாய் நாள்களில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் அதே சுரப்புகள் குடலையும் இளக்கிவிடும் என்பதால், வயிறு குழம்பிய நாள்களை நாட்காட்டியில் குறித்து, அவை எந்த நாள்களோடு பொருந்துகின்றன என்று பாருங்கள்.

இப்போது உங்கள் காலை உணவுக்கு வருவோம். கோதுமை மா ரொட்டியில் தேங்காய்ப் பூ இருக்கிறது. அதன் கொழுப்பும் நாரும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். கட்டச் சம்பலின் மிளகாயும் வெங்காயமும் ஏற்கெனவே இரத்தம் குறைந்து நலிந்திருக்கும் குடலை மேலும் உறுத்தும். பால்மாவில் லக்டோஸ் என்ற பாற்சர்க்கரை இருக்கிறது. உலகின் வயது வந்தோரில் பெரும்பாலானோருக்கும், குறிப்பாக ஆசியர்களுக்கு, லக்டோஸைச் செரிக்கும் ஆற்றல் சிறுவயதுக்குப் பின் குறைந்துவிடுகிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அதே பால் தேநீர் உங்களுக்கு எந்தத் தொல்லையும் தராமல் இருக்கலாம். இது தோட்டத்தில் நாள் முழுவதும் ஏறி இறங்கி உழைப்பவர்களைத் தலைமுறைகளாகத் தாங்கிவரும் உணவு; அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அதையே வயிறு நிறையச் சாப்பிடுங்கள். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் அது வேண்டாம்.

முதல் நாள் இரவு உணவும் காலை உணவின் அளவுக்கு முக்கியமானது. குடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்கே நொதித்து வாயுவையும் நீரையும் சேர்க்கும் சில வகைச் சர்க்கரைகளைச் சுருக்கமாக ஃபொட்மப் என்பார்கள். மெல்பேர்னிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் எரிச்சல் குடல் நோயாளிகளுக்காக இவற்றைக் குறைத்த உணவுமுறையை உருவாக்கினார்கள். பின்னர் அது ஓட்டக்காரர்களுக்கும் பயன்பட்டது. நம் சமையலில் வெங்காயம், வெள்ளைப்பூண்டு, கோதுமை மா, கடலை, கௌபி, பருப்பு, பால் ஆகியவற்றில் இவை அதிகம். நம் மலையிலேயே விளையும் லீக்ஸும் கோவாவும் வாயுவைப் பெருக்குவதில் சளைத்தவை அல்ல. நீண்ட ஓட்டத்துக்கு முந்திய ஒரு நாள், போட்டிக்கு முந்திய இரண்டு நாள்கள் இவற்றைக் குறைத்து, வெள்ளைச் சோறு, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, கரட், முட்டை, மீன், கோழி என்று எளிமையாகச் சாப்பிட்டாலே பலருக்கு வயிறு பாதி அடங்கிவிடுகிறது. ஆனால் இதை ஆண்டு முழுவதும் கடைப்பிடிக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். பருப்பும் கடலையும் கீரையும் நம் குடும்பங்களுக்கு மலிவாகக் கிடைக்கும் புரதமும் நார்ச்சத்தும். அவற்றை நிரந்தரமாக விலக்கினால் குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்களும் குறையும், உடம்பும் இளைக்கும்.

காலையில் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு எழ முடிந்தால், உங்கள் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 2 கிராம் காபோவைதரேற்று கிடைக்கும்படி சாப்பிடலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 50 முதல் 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றை உப்பிட்டுக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்து, ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டால் குறைந்த அளவு கிடைத்துவிடும், வெள்ளைப் பாணில் ஜாம் தடவிய இரண்டு மூன்று துண்டுகளும் போதும். விடியற்காலை ஐந்து மணிக்கே ஓடப் புறப்படுகிறவர் இரண்டு மணிக்கு எழ வேண்டியதில்லை. புறப்பட ஒரு மணி நேரம் முன்பு ஒரு பழமும் சீனி போட்ட பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஓடும்போது எடுக்கலாம். பிளேன்டீயிலுள்ள கஃபீன் பெருங்குடலைத் தூண்டும் என்பதால், அதைக் குடித்து, வீட்டிலேயே காலைக்கடனை முடித்துவிட்டுப் புறப்படும் அளவுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றோடு ஓடியபோது கால் துவண்டதற்குக் காரணம் எளிது. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்திருக்கும் சர்க்கரை, நன்றாகச் சாப்பிட்டவருக்கே மொத்தத்தில் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம்தான். இரவு முழுவதும் சாப்பிடாமல் இருந்ததில் ஈரலின் இருப்பு ஏற்கெனவே பெருமளவு கரைந்திருக்கும். அதைவிட முக்கியமானது, வெறும் வயிற்றோடு ஓடப் பழகிய குடல், போட்டி நாளில் கொடுக்கப்படும் இனிப்பு நீரைக் கண்டு திணறும் என்பது. குடலுக்கும் காலைப் போலவே பயிற்சி வேண்டும். ஓடும்போது சாப்பிட்டுப் பழகினால், குளுக்கோஸை உறிஞ்சும் கடத்திகளின் செயற்பாடு கூடுகிறது, இரைப்பை விரைவாகக் காலியாகிறது, வயிறு நிறைந்திருக்கும் உணர்வையும் உடம்பு பொறுத்துக்கொள்கிறது. இரண்டு வாரங்கள் ஒழுங்காகப் பழகியவர்களுக்கே வயிற்றுத் தொல்லைகள் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் இந்தப் பதிலை எழுதுவதே முக்கியமாக இதைச் சொல்லத்தான், ஏனெனில் நம் பக்கத்தில் பாடசாலைக் காலத்திலிருந்தே பிள்ளைகளுக்கு ஓடுவதற்குக் கற்பிக்கிறார்கள். ஓடிக்கொண்டே குடிப்பதற்கும் உண்பதற்கும் யாரும் கற்பிப்பதில்லை.

எதைக் குடிப்பது என்பதில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். குடல் குளுக்கோஸை உறிஞ்சும் வழி ஒன்று, பழச்சர்க்கரையாகிய பிரக்டோஸை உறிஞ்சும் வழி வேறொன்று. குளுக்கோஸின் வழியால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 60 கிராம்தான் செல்லும்; அதற்கு மேல் கொடுத்தால் மிச்சம் குடலில் தேங்கி நீரை இழுக்கும். இரண்டையும் கலந்து கொடுத்தால் பழகிய குடல் 90 கிராம் வரை ஏற்கும். வெளிநாட்டு ஜெல் பைக்கற்றுகளின் விலையைக் கண்டு நீங்கள் மலைக்க வேண்டாம். நம் வீட்டுச் சீனி இயற்கையாகவே பாதி குளுக்கோஸும் பாதி பிரக்டோஸும் சேர்ந்தது. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் 60 கிராம் சீனி, அதாவது தட்டையாக அளந்த சுமார் 15 தேக்கரண்டி, கால் தேக்கரண்டி உப்பு, சுவைக்குக் கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு கலந்தால் ஆறு சதவீதக் கரைசல் கிடைக்கும். இரைப்பையை அதிகம் தாமதிக்காமல் கடந்து போகக்கூடிய செறிவு இது. அரை லீற்றர் குடித்தால் 30 கிராம். பிற்காலத்தில் மணிக்கு 90 கிராம் வரை போக வேண்டிய வேகத்தை நீங்கள் எட்டினால், 60 கிராம் சீனியோடு 30 கிராம் குளுக்கோஸ் தூளைக் கலந்தால் குளுக்கோஸ் 60, பிரக்டோஸ் 30 என்ற விகிதம் வந்துவிடும். முதல் மரதனுக்கு மணிக்கு 40 முதல் 60 கிராம் போதுமானது.

ஒரு சிறு கித்துள் கருப்பட்டித் துண்டு, உப்புத் தொட்ட அவித்த உருளைக்கிழங்கு, பாதி வாழைப்பழம் ஆகியவையும் நல்ல வழியுணவுகள். 100 கிராம் அவித்த கிழங்கில் ஏறக்குறைய 20 கிராம் காபோவைதரேற்று இருக்கிறது. ஆனால் அதன் பருமனால் சிலருக்கு வயிறு உப்பும், ஆகவே மெதுவான ஓட்டத்தில் சோதித்துப் பாருங்கள். திட உணவையோ கருப்பட்டியையோ இனிப்பு நீரோடு சேர்த்து விழுங்காமல், வெறும் நீரோடு எடுத்தால் வயிற்றிலுள்ள கரைசலின் செறிவு அதிகரிக்காது. குளுக்கோஸ் தூளை உள்ளங்கையில் கொட்டி அப்படியே வாயில் போடும் வழக்கம் பாடசாலைப் போட்டிகளில் இன்னும் இருக்கிறது. வயிற்றை இழுத்துப் பிடிக்கச் செய்வதற்கு அதைவிட உறுதியான வழி இல்லை. ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அது வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் மீட்பதற்கு உரியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி அத்தகைய கரைசலில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. மரதனுக்கு வேண்டிய சக்தியை அது தராது.

பயிற்சியை இப்படித் தொடங்குங்கள். வாரத்தின் நீண்ட ஓட்டத்திலும் இன்னொரு நடுத்தர ஓட்டத்திலும் முதல் வாரத்தில் மணிக்கு 20, 30 கிராமுக்கு மேல் வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறுகளாகப் பிரித்துக் குடியுங்கள். வயிறு ஏற்றுக்கொண்டால் அடுத்தடுத்த வாரங்களில் பத்துப் பத்துக் கிராமாகக் கூட்டுங்கள். ஏற்காவிட்டால் அதே அளவில் நின்று, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். போட்டி நாளில் எதை, எந்த நேரத்தில், எவ்வளவு எடுப்பீர்களோ அதையே குறைந்தது மூன்று நான்கு நீண்ட ஓட்டங்களில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். ஒரு குறிப்பேட்டில் உணவு, நேரம், வேகம், வயிற்றின் நிலை ஆகிய நான்கையும் எழுதிவாருங்கள்.

நீர் விடயத்தில் மலைநாட்டு ஓட்டக்காரர்களுக்குத் தனியான ஓர் இடர் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரியாக 16 பாகை செல்சியஸ் அளவான குளிரில் இருக்கிறது. ஹட்டன் அதைவிடத் தாழ்வானாலும் காலைப் பனியில் தாகமே எடுக்காது. இங்கே ஒரு போத்தல் நீரில் இருபது கிலோமீற்றர் ஓடிப் பழகியவர், 27, 28 பாகையும் கடற்கரை ஈரப்பதமும் உள்ள கொழும்பில் அதே பழக்கத்தோடும் அதே வேகத்தோடும் இறங்கினால், தோலுக்கும் குடலுக்கும் இடையிலான இரத்தப் போட்டி மேலும் கடுமையாகும். பயிற்சிக் காலத்தில் நன்றாக இருந்த வயிறு போட்டியில் மட்டும் கெடுவதற்குப் பல சமயங்களில் இதுவே காரணம். வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள்கள் வேண்டும். அத்தனை நாள் கொழும்பில் தங்க வசதியில்லாதவர்கள், போட்டிக்கு முந்திய வாரங்களில் கினிகத்தேனைக்கோ கித்துள்கலவுக்கோ பேருந்தில் இறங்கி, சில ஓட்டங்களையாவது அந்த வெக்கையில் ஓடினால் பயன் கிடைக்கும். இரண்டு இடங்களிலும் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை. இழப்பை உடல் எடையின் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் வைத்திருந்தால் போதும், முழுவதையும் ஈடு செய்யத் தேவையில்லை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள், அதுவும் ஆபத்தானது. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதமானோருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே அந்த இடர் அதிகமாக இருந்தது. குமட்டலும் தலைவலியும் அதன் அறிகுறிகளுமாகும் என்பதால், குமட்டல் வந்தவுடன் மேலும் மேலும் நீரை ஊற்றுவது சரியான சிகிச்சை ஆகாது.

வலிக் குளிசையை இன்றே நிறுத்துங்கள். ஐபுப்ரோபன், டைக்குளோபெனாக் போன்றவை இரைப்பை, குடல் உட்சுவரின் பாதுகாப்பைக் குறைப்பவை. ஓட்டத்தால் இரத்தம் குறைந்திருக்கும் நேரத்தில் அவற்றின் தீங்கு பன்மடங்காகும். நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்துக்கும் கெடுதல். குளிசை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையிலுள்ள முழங்கால், ஓய்வையும் உடற்பயிற்சி மருத்துவரையும் கேட்கிறது.

வயிற்றுக் கோளாறு எல்லாம் ஓட்டத்தால் மட்டுமே வருவதும் அல்ல. பீலித் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிப்பவர்களுக்கு ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் தொற்றலாம். கொக்கிப்புழு நம் தோட்ட மக்களின் இரத்தத்தை நெடுங்காலமாக உறிஞ்சிவந்த பகை. ஆகவே மலப் பரிசோதனையும், ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் ஆகிய இரத்தப் பரிசோதனைகளும் செய்துகொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நெடுந்தூரம் ஓடும் பெண்களுக்கு மாதவிடாயாலும், வியர்வையாலும், குடலில் கசியும் சிறிதளவு இரத்தத்தாலும் இரும்புச்சத்து இழப்பு அதிகம். கடுமையான ஓட்டத்துக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரம் வரை, இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும் ஹெப்சிடின் என்ற சுரப்பு உடலில் கூடியிருக்கும். இதற்கு மேல் சாப்பாட்டோடு பிளேன்டீ குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில் பாதிக்கும் அதிகமானது உறிஞ்சப்படாமலே போய்விடும். உலகுக்குத் தேயிலை பறித்துக் கொடுக்கும் மக்களிடம் தேநீரை விடச் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சாப்பாட்டோடு கொய்யா, பப்பாளி, தேசிக்காய் போன்றவற்றைச் சேருங்கள், நெத்தலியும் ஈரலும் முட்டையும் முடிந்த போதெல்லாம் சாப்பிடுங்கள். இரும்புக் குளிசையைப் பரிசோதனை இல்லாமல் தொடங்க வேண்டாம். அதுவே வயிற்றைக் கெடுத்து, மலச்சிக்கலைத் தரக்கூடியது.

பயத்தால் உணவைக் குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குக் கவலை தருகிறது. ஓடிச் செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாத உடம்பு, சிக்கனம் பிடிக்கத் தொடங்கும்: மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும், எலும்பு நலியும், குடலின் இயக்கமும் மந்தமாகி, உப்புசமும் மலச்சிக்கலும் வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனிப்பெயர் கொடுத்து எச்சரித்தது, 2023இல் அதைப் புதுப்பித்தது. வயிற்றுக்குப் பயந்து உணவைக் குறைக்க, குறைத்ததாலேயே வயிறு மேலும் கெட, அந்தச் சுழலில் சிக்கியவர்கள் உண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் பயிற்சியைக் குறைத்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள். அதுபோலவே மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், காய்ச்சல், காரணமில்லாத எடையிழப்பு, ஓடாத நாள்களிலும் நீடிக்கும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். 1969இல் அன்ட்வேர்ப்பில் 2 மணி 8 நிமிடம் 33.6 விநாடிகளில் மரதன் ஓடி, பன்னிரண்டு ஆண்டுகள் நின்ற உலகச் சாதனையைப் படைத்த அவுஸ்திரேலியரான டெரெக் கிளேற்றன், அன்று கறுப்பாக வாந்தியெடுத்ததையும் கறுப்பாக வயிற்றோட்டம் போனதையும் பின்னர் சொல்லியிருக்கிறார். சாதனையாளருக்கு நடந்தது என்பதற்காக அதை வீரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லா ஒத்திகைக்குப் பின்பும் போட்டியின் நடுவே வயிறு குழம்பினால், முதலில் வேகத்தைக் குறையுங்கள்; சில நிமிடங்கள் நடந்தாலே குடலுக்கு இரத்தம் திரும்பத் தொடங்கும். தலையிலும் கழுத்திலும் குளிர்ந்த நீரை ஊற்றிச் சூட்டைத் தணியுங்கள். இனிப்பு நீரை நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடங்கள் வெறும் நீரை மட்டும் சிறு மிடறுகளாகக் குடித்து, பின்னர் பாதி அளவில் மீண்டும் தொடங்குங்கள். அதையும் இரைப்பை ஏற்காவிட்டால், இனிப்பு நீரை வாயில் சில விநாடிகள் வைத்திருந்து கொப்பளித்துத் துப்புங்கள். வாயிலுள்ள உணர்கலங்கள் காபோவைதரேற்றை அறிந்து மூளைக்குச் சொல்வதால், கடைசிச் சில கிலோமீற்றர்களுக்கு அது ஓரளவு கைகொடுக்கும். வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ, பேச்சுக் குழறினாலோ ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, மருத்துவக் கூடாரத்துக்குச் சென்று, எவ்வளவு குடித்தீர்கள், என்ன குளிசை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.